தீர்ந்துபோகாத கேஸ்

"கேஸ் காலியாயிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்." ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் கார் ஏசி பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வண்டிக்காரர் தலையாட்டுகிறார், பணத்தைக் கட்டுகிறார், முகத்தில் குளிர்ந்த காற்று பட்டதும் நிம்மதியாகக் கிளம்பிப் போகிறார். அடுத்த கோடையில், சில சமயம் அடுத்த மாதமே, அதே பட்டறை வாசலில் மறுபடியும் நிற்கிறார்.

கார் ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் இல்லை. அது எரிவதில்லை, தேய்வதில்லை, பழசாகிச் சத்து இழப்பதும் இல்லை. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஏறத்தாழ அரைக் கிலோ கேஸ் இருக்கிறது. அதுவேதான் வண்டியின் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது என்றுதான் பொருள். ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் கம்ப்ரஸர் அச்சின் சீல் வழியாகவும் நல்ல வண்டியில்கூடத் துளியளவு கசியத்தான் செய்யும். எவ்வளவு கசியலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் ஒரு வரம்பு வைத்தது: ஒரே கூலிங் காயில் உள்ள காரில் ஆண்டுக்கு 40 கிராமைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு முழுக்கக் கசிந்தாலும், 450 கிராம் கேஸ் உள்ள சிறிய கார் இரண்டு மூன்று கோடைகளைக் குறை தெரியாமல் கடந்துவிடும். வருடா வருடம் "காலி" ஆகிற வண்டியில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பது ரிப்பேர் ஆகாது.

இந்த ஒரு உண்மை பிடிபட்டுவிட்டால் கார் ஏசியின் கோளாறுகளில் பாதியை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். அதில் கணிசமானவற்றைச் சொந்தக் கையாலேயே சரிசெய்யவும் செய்யலாம். மீதிக்குப் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம். விவரம் தெரிந்த வண்டிக்காரரிடம் நல்ல மெக்கானிக்குகள் மனம்விட்டுப் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்கிறது. ஸ்பிரிட் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏசி செய்வதும் இதையேதான். இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்-134ஏ என்ற திரவம், திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஸ்பிரிட் தடவியவுடன் காற்றோடு போய்விடுகிறது. காரிலோ ஆவியான கேஸைப் பிடித்து, அது சுமந்து வந்த வெப்பத்தை வெளியே இறக்கிவிட்டு, மறுபடி திரவமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஏசியின் பாகங்கள் எல்லாமே இந்தத் திருப்பி அனுப்பும் வேலைக்காகத்தான் இருக்கின்றன.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் ஒளிந்திருக்கிறது. அதற்குள் திரவம் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது. ப்ளோயர் அதன்மேல் ஊதும் காற்று வெப்பத்தை அதனிடம் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வண்டிக்குள் வருகிறது. ஆவியான கேஸைக் கம்ப்ரஸர் உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட கேஸ் கொதிக்கக் கொதிக்கச் சூடாகி ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சருக்குப் போகிறது. வெளியே சென்னையின் 38 டிகிரி வெயில் அடித்தாலும், உள்ளே இருக்கும் கேஸ் அதைவிடச் சூடாக இருப்பதால் வெப்பம் அதிலிருந்து வெளிக்காற்றுக்கு இறங்கிவிடும். இறங்க இறங்க கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற ஊசித்துளைக்கு வந்து, அழுத்தம் சட்டென்று விழ, மறுபடி கூலிங் காயிலுக்குள் கொதிக்கத் தொடங்குகிறது. அந்த அரைக் கிலோ கேஸ் ஒரு நிமிடத்துக்குள் சுற்றை முடித்துவிட்டு மறுசுற்றுக்குப் புறப்பட்டிருக்கும். சின்னக் காரின் ஏசிகூட நம் படுக்கையறையில் மாட்டும் ஒரு டன் ஏசிக்குச் சளைத்ததில்லை. வெயிலில் நின்ற காரின் உட்புறம் 60 டிகிரியைத் தொடும் என்பதால் அவ்வளவு வலு அதற்குத் தேவைப்படுகிறது.

பட்டறையில் நீலமும் சிவப்புமாக இரண்டு மீட்டர்கள் வைத்த கேஜ் செட்டைப் பார்த்திருப்பீர்கள். நீலம் லோ சைடு, அதாவது கூலிங் காயில் பக்கம். சிவப்பு ஹை சைடு, கன்டென்சர் பக்கம். மெக்கானிக் அதைப் பார்த்து "லோ 35, ஹை 220" என்பார். பி.எஸ்.ஐ. கணக்கு அது. அழுத்தத்தைச் சொல்வதாகத் தோன்றும் அந்த எண்கள் உண்மையில் வெப்பநிலையைச் சொல்கின்றன. திரவமும் ஆவியும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கும்போது, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஓர் அழுத்தம்தான் உண்டு. இயற்கை அதில் பேரம் பேசுவதில்லை. ஆர்-134ஏ-வுக்கு 0 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ., 5 டிகிரியில் 36, 30 டிகிரியில் 97, 60 டிகிரியில் 229. ஆக லோ 35 என்றால் கூலிங் காயில் 4, 5 டிகிரியில் இருக்கிறது. ஹை 220 என்றால் கன்டென்சரில் கேஸ் 60 டிகிரியை ஒட்டித் திரவமாகிறது. நல்ல கேஜ்களின் முகத்தில் அழுத்தக் கோட்டுக்கு உள்ளே இன்னொரு வளையமாக டிகிரிகளும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்கப் பழகியவருக்குக் குழாய்களுக்குள் நடப்பது கண்ணெதிரே தெரியும்.

இதிலிருந்தே இன்னொரு விஷயம் விளங்குகிறது. ஏசி சம்பந்தமான தவறுகளில் இதை அறியாததால் வருபவைதான் அதிகம் என்பது என் எண்ணம். எஞ்சினை அணைத்து, வண்டி முழுக்க 30 டிகிரிக்கு ஆறியபிறகு கேஜை மாட்டினால் இரண்டு மீட்டரும் 97-ஐ ஒட்டி நிற்கும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அப்படித்தான். 250 கிராம் இருந்தாலும் அப்படித்தான்! ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது. நம் சமையலறை சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாமல் எடை போட்டுப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். எஞ்சின் ஓடும்போது பார்த்தாலோ, அன்றைய வெயில், காற்றின் ஈரம், ப்ளோயர் வேகம், எஞ்சின் சுழற்சி என்று பத்து விஷயங்கள் அந்த எண்களில் கலந்துவிடுகின்றன. ஆகவே லோ சைடு மீட்டரை மட்டும் பார்த்து "போதும்" என்று நிறுத்தும் கேஸ் ஃபில்லிங் வெறும் உத்தேசம். பானெட்டைத் திறந்தால் முன்பக்கத்தில் எங்காவது ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: கேஸின் பெயர், எத்தனை கிராம், பிளஸ் மைனஸ் எவ்வளவு. அந்த எடைதான் சரியான அளவு. பழைய கேஸை முழுக்க வெளியே இழுத்து, தராசில் வைத்து அளந்து ஏற்றுவதே முறை.

கூடுதலாக அடித்தால் கூடுதலாகக் குளிரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மிச்சத் திரவம் கன்டென்சரின் அடிப்பகுதியில் தேங்கி, வெப்பம் இறங்கும் பரப்பைக் குறைத்துவிடுகிறது. ஹை சைடு அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரஸர் திணறுகிறது, மைலேஜ் விழுகிறது, காற்றும் முன்பைவிடச் சூடாக வருகிறது. குறைவாக இருந்தால் வேறொரு கேடு. கம்ப்ரஸருக்கு எண்ணெய் போய்ச் சேர்வது கேஸோடு கலந்துதான். கேஸ் குறையக் குறைய எண்ணெய் போன இடத்திலேயே தங்கிவிடும்; உலர்ந்து ஓடும் கம்ப்ரஸர் ஒருநாள் பூட்டிக்கொள்ளும். ஓட்டை வழியாக எண்ணெயும் கேஸோடு வெளியேறுகிறது. ஓட்டையை விட்டுவிட்டு வருடா வருடம் டாப்-அப் செய்த வண்டியில் கேஸ் திரும்பத் திரும்ப வந்தது, எண்ணெய் வரவில்லை. இருநூறு ரூபாய் ஓ-ரிங் வேலையை ஒத்திப்போட்டவர்கள் கம்ப்ரஸரையே மாற்றுவதற்கு இதுதான் காரணம்.

இனி நம் கையால் ஆகக்கூடியவை. கேஸ் சுற்றைத் தொடவே வேண்டாத வேலைகள் நிறைய இருக்கின்றன.

காற்று மெல்லிசாக வருகிறது, ஆனால் வருகிற கொஞ்சமும் ஜில்லென்றே இருக்கிறது என்றால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர்கூடப் பல வண்டிகளில் தேவைப்படாது. நம் ஊர்த் தூசியில் ஒரு வருடம் ஓடிய ஃபில்டரை வெளியே எடுத்தால் சருகும் மண்ணும் முடியுமாக இருக்கும். அது அடைத்துக்கொண்டால் கூலிங் காயிலுக்குப் போதுமான வெப்பம் வந்து சேராது. காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்து, மிச்சமிருக்கும் வழியையும் மூடிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டுப் பிறகு காற்றே நின்றுபோய், ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி வேலைசெய்கிறது என்றால் அந்தப் பனிதான் காரணம். கடைக்காரர் கேஸ் குறைவு என்பார். புது ஃபில்டர் சில நூறு ரூபாய்.

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது: இந்தப் புகாரை நான் கேட்ட அளவுக்கு வேறொன்றையும் கேட்டதில்லை. காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கன்டென்சரிலிருந்து வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. நின்றால் அந்த வேலை மின்விசிறியுடையது. ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். விசிறி சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்கு என்ற படம் இருக்கும். ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயை, பல வண்டிகளில் ஹாரன் ரிலேயை, மாற்றிச் செருகிப் பார்ப்பது. எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டிக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் கன்டென்சரையே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கருகிய ரிலே ஒன்றை மாற்றியதும் சிக்னலிலும் குளிர்ந்த காற்றே வந்தது.

விசிறி சரியாக இருந்தால் கன்டென்சரின் முகத்தைப் பாருங்கள். பூச்சியும் சேறும் செதிள்களை அடைத்திருந்தால் தோட்டத்து ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னை அதன் அருகில் கொண்டுபோக விடாதீர்கள். மெல்லிய அலுமினியச் செதிள்கள் படுத்துவிட்டால் காற்றுக்கு நிரந்தரமாக வழி அடைபட்டுவிடும்.

வண்டிக்குள் முன் இருக்கையின் கால் பக்கம் கார்ப்பெட் நனைந்திருக்கிறதா? கூலிங் காயிலில் படியும் ஈரம் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கீழே சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்புகிறது, நாற்றமும் வருகிறது. வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய ஒயரை விட்டுக் கிளறினால் போதும். புழுக்கமான நாட்களில் வென்ட்டிலிருந்து வெள்ளைப் புகை வருவதைக் கண்டு பதறுகிறவர்கள் உண்டு. அது வெறும் மூடுபனி. ஒன்றும் செய்ய வேண்டாம். கடலோர ஊர்களில் ஏசியின் உழைப்பில் பெரிய பங்கு காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை இப்படிப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை அப்புறப்படுத்த வேண்டும். வெளிக்காற்று வழியை மூடி உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துவது, பைசா செலவில்லாமல் ஏசியின் சுமையைக் குறைக்கும் வேலை.

அடுத்தது கம்ப்ரஸரின் மேக்னெட்டிக் கிளட்ச். ஏசி பொத்தானை அழுத்தும்போது எஞ்சின் பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்டால் அது சேர்ந்துகொண்டது என்று அர்த்தம். பெல்ட் சுற்றும் புல்லி எப்போதும் ஓடும். அதற்கு முன்னால் இருக்கும் தட்டும் கூடவே சுற்றினால்தான் கம்ப்ரஸர் வேலை செய்கிறது. தட்டு சுற்றவில்லை என்றால், கேஸ் போதாமல் லோ பிரஷர் ஸ்விட்ச் மின்சாரத்தை வெட்டியிருக்கலாம். ஃபியூஸோ ரிலேயோ போயிருக்கலாம். இதில் ஒரு வகைக் கோளாறு என்னை எப்போதும் வசீகரிக்கும். காலையில் நன்றாகக் குளிரும். அரைமணி ஓட்டியபின் கிளட்ச் விட்டுவிடும். ஆறியதும் மறுபடி பிடிக்கும். வருடக்கணக்கில் உராய்ந்து தேய்ந்ததில் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். எஞ்சின் சூட்டில் கிளட்ச் சுருளின் செம்புக் கம்பி 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அதற்கேற்ப மின்னோட்டம் குறைய, காந்த இழுப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நாற்பது சதவீதம்வரை விழுந்துவிடுகிறது. கூடிப்போன இடைவெளியைத் தாண்டி இழுக்க அதற்கு வலு போதவில்லை. ஃபீலர் கேஜால் அளந்தால் புது கிளட்சில் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருக்கும். தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் சரியாகிவிடும். கம்ப்ரஸர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்ட வண்டிகளில் எத்தனை இப்படிப் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. புதிய வண்டிகள் சிலவற்றில் கிளட்சே கிடையாது; உள்ளிருக்கும் சாய்தட்டின் கோணத்தை ஒரு மின்வால்வு மாற்றுகிறது. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

இவை எதுவும் இல்லை, கேஸ்தான் போயிருக்கிறது என்றால் ஓட்டையைத் தேட வேண்டும். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. ஆனால் கூடவே எண்ணெய் வெளியேறுகிறதே, அது தடயம் வைக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முகப்பு, கன்டென்சரின் ஓரங்கள் ஆகியவற்றில் எங்காவது எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக் கறுத்திருந்தால் அங்கே சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுத் தடவ வேண்டும். ஓடும்போது லோ சைடில் 35-தான் இருக்கும். அணைத்து ஆறவிட்டால், முன்பு பார்த்த கணக்குப்படி, அங்கேயும் அழுத்தம் 97-ஐத் தொடும். அப்போதுதான் சின்ன ஓட்டையும் குமிழ்விடும். கேஸ் ஏற்றுகிற இரண்டு வால்வுகளின் மூடிகளையும் கழற்றி ஒரு சொட்டு நுரை வையுங்கள். ஒழுகுவது பல சமயம் அங்கேதான். அதற்கும் அகப்படாவிட்டால் அடுத்த முறை கேஸ் ஏற்றும்போது புறஊதா ஒளியில் மின்னும் சாயத்தைச் சேர்க்கச் சொல்லலாம். கன்டென்சரில் கல்லடி பட்டிருந்தால் சாயம் அந்த இடத்தில் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். கூலிங் காயிலில் ஓட்டை என்றால்தான் சிரமம். டேஷ்போர்டையே இறக்க வேண்டிய வண்டிகள் உண்டு. அந்த முடிவுக்கு வருமுன், தண்ணீர் சொட்டும் குழாய் முனையில் சாயம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஓ-ரிங் மாற்றுவது, கன்டென்சரைக் கழற்றி மாட்டுவது ஆகியவை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு முடியாத வேலைகள் இல்லை. ஆனால் அதற்கு முன் சுற்றில் மிச்சமிருக்கும் கேஸை ரெக்கவரி மெஷின் உள்ள பட்டறையில் எடுத்துவிட வேண்டும். ஓ-ரிங் ஏசிக்கென்றே செய்ததாக இருக்கட்டும். குழாய்க் கடை ரப்பர் ஏசி எண்ணெயில் ஊறி உப்பிப்போகும். மாட்டுமுன் அதே எண்ணெயைத் தடவிக்கொள்ளுங்கள். கழற்றிய முனைகளை உடனே மூடிவையுங்கள். ஆர்-134ஏ வண்டிகளில் இருக்கும் பேக் (PAG) என்ற எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். உள்ளே போன ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் உறைந்து அடைக்கும். மிச்ச ஈரம் எண்ணெயையும் கேஸையும் கெடுத்து அமிலமாக்கி உலோகத்தை அரிக்கும். சுற்றைத் திறந்தால் டிரையரைப் புதிதாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து வேக்குவம். பலர் இதைக் காற்றை வெளியேற்றும் சடங்காக நினைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். காற்று ஐந்து நிமிடத்தில் போய்விடும், உண்மைதான். போகாதது ஈரம். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் அழுத்தம் வளிமண்டலத்தில் 24-ல் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். அங்கே இறக்கி, குழாய்களின் மூலைகளில் ஒட்டியிருக்கும் ஈரம் கொதித்து வெளியேறும்வரை பம்ப் ஓட வேண்டும். அரைமணிக்குக் குறையாமல் ஓடினால்தான் பயன். பிறகு வால்வை மூடிவிட்டுக் காத்திருந்து பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் சுற்று இறுக்கமாக இருக்கிறது. மேலே ஏறினால் ஓட்டை மிச்சமிருக்கிறது, அல்லது உள்ளே இன்னும் ஈரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்காத பட்டறை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இந்த வேலையை வீட்டிலேயே செய்யும் பழக்கம் பரவலாக உண்டு. இரண்டு பவுண்டுக்குக் குறைவான ஆர்-134ஏ டப்பாவை உதிரிபாகக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 2018 முதல் அந்த டப்பாக்களில் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கேஸைத் தெரிந்தே காற்றில் திறந்துவிடுவது 1995 நவம்பரிலிருந்து அங்கே குற்றம். இந்தக் கண்டிப்புக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

பேக்கார்டு நிறுவனம் ஏசி வைத்த காரை 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் வைத்தது. விலை கூடுதலாக 274 டாலர். அதில் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்ப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து ஏசிகளில் ஓடியது ஆர்-12. தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவும் 1928-ல் கண்டது. விஷமில்லை, எரியாது என்று காட்ட, 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்தார். எதனோடும் சேராத அந்தச் சாதுத்தன்மையே பின்னால் வினையானது. கீழே எதனாலும் சிதையாததால் அது வானத்தின் உயரம்வரை போய், அங்கே புறஊதா ஒளியில் உடைந்து, ஓசோனைத் தின்னத் தொடங்கியது. வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் குறைந்திருப்பது அளந்து சொல்லப்பட்டது. இத்தகைய கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொண்ணூறுகளில் கார்கள் ஆர்-134ஏ-வுக்கு மாறின.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு. ஓர் அரைக் கிலோவைக் காற்றில் 'புஸ்' என்று திறந்துவிட்டால் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். முந்நூறு லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு அது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பிவிடலாம். ஐந்து விநாடி வேலை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் நம் பட்டறைகள் பலவற்றில் இன்றும் அந்தப் 'புஸ்' சாதாரணம். ஐரோப்பாவில் 2017-லிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் 150 மடங்குக்குக் கீழான கேஸ்தான் அனுமதி. அதற்காக வந்த ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சில நாட்களில் சிதைந்துவிடும். விலை மிக அதிகம். கொஞ்சம் தீப்பிடிக்கவும் செய்யும். உங்கள் ஸ்டிக்கரில் அந்தப் பெயர் இருந்தால் அதில் ஆர்-134ஏ-வைக் கலக்க விடாதீர்கள்.

கை வைக்கக் கூடாத இடங்களைப் பற்றியும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். டப்பாவை ஹை சைடு வால்வில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. அந்தப் பக்கத்து அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பி அதை வெடிக்கவைக்கும். பாய்ந்து வரும் திரவம் கண்ணில் பட்டால் கண் உறைந்துபோகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்த இணைப்பையும் திறக்காதீர்கள். ஆர்-134ஏ ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது, மூடிய ஷெட்டில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கடும் விஷமாகும். மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத சிலிண்டரை நம்ப வேண்டாம். 2011-ல் வியட்நாமில் கேஸ் ஏற்றப்பட்ட குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து உயிர்கள் போயின. ஆர்-134ஏ என்ற பெயரில் அவற்றுக்குள் போயிருந்த போலிச் சரக்கு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கியிருந்தது. மின்சாரக் கார்களிலும் பல ஹைபிரிட் வண்டிகளிலும் கம்ப்ரஸர் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள். அவற்றின் எண்ணெயும் வேறு. தவறிப்போய்ப் பேக் எண்ணெய் கலந்தால் மின்காப்பே கெட்டுவிடும்.

வேலை முடிந்ததும் ஒரு தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, உள்காற்றைச் சுற்றவிட்டு, ப்ளோயரை நடுவில் வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் வென்ட்டில் 8-லிருந்து 12-க்குள் வந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது நல்ல எண். அதையும் தேதியையும் ஏற்றிய கிராமையும் ஒரு தாளில் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள். அடுத்த முறை பட்டறையில் ரெக்கவரி மெஷினை மாட்டும்போது, பழைய கேஸ் எத்தனை கிராம் வெளியே வந்தது என்று கேளுங்கள்; மெஷினின் திரையிலேயே தெரியும். 450 ஏற்றிய வண்டியிலிருந்து மூன்று வருடம் கழித்து 380 வந்தால் ஓ-ரிங்கைத் தேடி அலைய வேண்டாம், அளந்து நிரப்பச் சொல்லலாம். எட்டே மாதத்தில் 200 வந்தால் கேஸ் சிலிண்டரைத் திறக்க விடாமல், முதலில் சோப்பு நுரையை எடுக்கச் சொல்லுங்கள்.